அந்த நகரத்துக்கு மறதித் திரை வேண்டாம்

தம்பி, நீ சென்னைக்குக் கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு நூலை இப்போதுதான் படித்து முடித்தேன். பழைய வழக்கம் விடவில்லை, சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை உங்ககிட்ட பரீட்சைத் தாளா கொடுத்தான்? விளையாட்டு கொடுத்தான்" என்று சிரித்தாள். விளையாடத் தெரியாதவனிடம் விளையாட்டைக் கொடுத்தால் அவன் திருத்தத்தான் செய்வான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, தங்கள் கதையைத் தாங்களே நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு என்று நீ விளக்கியபோது, இதற்கு எதற்கு இவ்வளவு தடிமனான புத்தகம் என்று கேட்டேன். "அவங்க நடந்து திரிய ஒரு ஊர் வேணும்ப்பா. அந்த ஊரைத்தான் நான் கட்டுறேன்" என்றாய். படித்தபின் ஒத்துக்கொள்கிறேன், ஊரைக் கட்டியிருக்கிறாய். ஆற்றோரத் துறைமுகம், பூட்டிய கிடங்குகள், பாலத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், அந்த வீடுகளுக்குள் யாருக்கும் தெரியாமல் மந்திரசக்தியோடு வாழ்கிறவர்கள். வியட்நாம் என்றோ, நாம் குடியிருக்கும் இந்தக் கான் ஹொய் பகுதி என்றோ நீ ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனாலும் உன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நடந்தால் நம் சந்து முனைக்கு வந்து சேர்ந்துவிடுவான்.

இதை நான் கையால் எழுதுகிறேன், தமிழில் எழுதுகிறேன். எதிர்வீட்டு லான் தன் கைபேசியை எந்த எழுத்தின் மேல் பிடித்தாலும் அது மொழிபெயர்த்துவிடுகிறதாம். என் கையெழுத்தைப் படிக்க எந்தக் கருவியாலும் முடியாது என்று என்னிடம் படித்த பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். நூல் அச்சுக்குப் போவதற்குள் நீ மாற்ற வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது. அது லானின் பாட்டியைப் பற்றியது. நீ பா ஸாவ், ஸாவ் பாட்டி, என்று கூப்பிடும் அந்த அம்மாள் எனக்கு இன்றும் ஸாவ் அக்காதான். அவரைக் காயப்படுத்தக்கூடிய ஒரு பக்கம் உன் நூலில் இருக்கிறது, அதற்குப் படம் வரைவது அவருடைய பேத்தி. மாற்றிவிடு என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ வளர்ந்தவன். காரணம் கேட்பாய். கேட்கவும் வேண்டும்.

முதலில் உன் நகரத்தைப் பற்றி. அதில் ஒரு மறதித் திரை வைத்திருக்கிறாய். சாதாரண மனிதன் மந்திரத்தைக் கண்ணால் பார்த்தாலும், பொழுது விடிந்தால் மறந்துவிடுகிறான். அதனால்தான் இரகசியம் காப்பாற்றப்படுகிறது என்கிறாய். அதற்கு மேலே, திரை கிழிந்தால் தைப்பதற்கு ஒரு காவலர் சபை, அவர்களுக்கு வெள்ளி வாள், கறுப்பு அங்கி. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் சிவப்பில் எழுதியிருப்பது இதுதான்: எடுத்துவிடு. நான் கணக்கு வாத்தியார். விடை தெரியாத பையன் நடுவில் ஒரு எண்ணைத் தானாகப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவான், விடைகூடச் சரியாக வந்துவிடும். மறதித் திரை அப்படிப்பட்ட எண். ஒரு ஊரே ஒன்றைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது என்ற கேள்விக்கு நீ விடை தேடவில்லை, மந்திரத்தால் அடைத்துவிட்டாய். மனிதர்கள் மறப்பதில்லை தம்பி. மறந்தவர்களைப் போல நடந்துகொள்கிறார்கள். அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நான் இந்தச் சந்தில் பார்த்திருக்கிறேன்.

எழுபத்தைந்தில் ஆட்சி மாறியபின் நம்மவர்கள் பலர் கிளம்பிப் போனார்கள். மளிகைக் கடைக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரனிடம் வேலைக்கு வந்த குடும்பங்கள். என் அப்பாவும் அப்படித் துறைமுகத்தில் எழுத்தராக வந்தவர்தான். அவர் பக்கவாதத்தில் கிடந்தார், தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர் கண் மூடியபோது, போவதற்கு வழியும் மூடிவிட்டது. அம்மா, நான், என் தங்கை வேதவல்லி. நீ பார்த்திராத உன் அத்தை. அப்பா இறந்த வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, அவளுக்கு அம்மன் வந்தது.

வந்தது என்றே எழுதுகிறேன். வந்ததா, வந்தது போல இருந்ததா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, தங்கை தலைமயிரை விரித்துப்போட்டுக் குரல் மாறி அலறுவதைப் பார்த்து நின்றவன் நான். இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தேன். உன் நூலிலும் இதற்கு விடை வைக்காதே. விளையாடுகிறவர்கள் திண்டாடட்டும்.

அப்போது அது வெளியே தெரியக்கூடாத விஷயம். குறி சொல்வது, ஆவி இறங்குவது எல்லாம் மூடநம்பிக்கை, தடை. உன் நகரத்தில் பிடிபட்டவனைக் கோபுரத்தில் அடைக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய தண்டனை தேவைப்படவில்லை. என் வேலை போயிருக்கும். வீட்டின் அரிசி அட்டையில் கைவைத்திருப்பார்கள். வார்டு கூட்டத்தில் தங்கையை எழுப்பி நிற்க வைத்து, நான் ஏமாற்றுக்காரி என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருப்பார்கள். இரகசியத்துக்குக் காரணம் சின்னதாக இருக்கட்டும் தம்பி. சோற்றோடு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். உலகம் அழிந்துவிடும் என்று பயந்து யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை.

ஆனால் இந்தச் சந்து உனக்குத் தெரியும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யார் போய்ச் சொல்லிக்கொடுப்பார்களோ என்று உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் வேதா குரலெடுத்த உடனே, எதிர்வீட்டில் உரல் இடிக்கும் சத்தம் கேட்டது. ஸாவ் அக்கா. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, கல்லுரலை வாசலிலேயே போட்டுக்கொண்டு இடிக்கிறார். அவர் ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுத் தகர வேலைக்காரர் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தார். கடைசி வீட்டில் ரேடியோவில் பாட்டு நாடகம் உச்சத்துக்குப் போனது. தெருவில் போகிறவன் கேட்டால், பசியும் வேலையும் நிறைந்த ஒரு சந்து, அவ்வளவுதான். யாரும் கூடிப் பேசவில்லை. யாரும் யாரிடமும் நன்றி சொல்லவில்லை. மறுநாள் நான் ஸாவ் அக்காவிடம் மெல்ல, "நேத்து என்னக்கா இடிச்சீங்க? இறால் கிடைச்சுதா?" என்று கேட்டேன். "இறாலா? எந்த ஊர்ல இருக்கீங்க வாத்தியாரே? உரல் காலி. சத்தத்தை இடிச்சேன்" என்றார்.

அந்தக் காலத்துப் பஞ்சத்தில் வெறும் உரலை இடிப்பது எவ்வளவு கை வலி என்று உனக்குத் தெரியாது. உள்ளே ஏதாவது இருந்தால் உலக்கையின் அடியை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கல் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் இடித்தார். இதுதான் உன் நகரத்தின் காவலர் சபை. வாளும் அங்கியும் கிடையாது. ஒரு விதி மட்டும் தானாக உருவானது: எங்கள் கதவு உள்ளே தாழ்போட்டிருந்தால், வேதா தானாகத் திறக்கும்வரை யாரும் தட்டக்கூடாது. சாம்பிராணி வாசனை வந்தால், புகை வந்தால், கேட்கக்கூடாது.

பிறகு அவர்களே வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒருவராக, பின்வாசல் வழியாக. எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது, நீ ஊகித்திருப்பாய். மகன் நாட்டைவிட்டுத் தப்பிக்கப் படகில் போனான், தகவல் இல்லை. புருஷன் படகில் போனான், தகவல் இல்லை. அம்மன் இறங்கினால் வேதா தமிழ் மட்டும்தான் பேசுவாள். மற்ற நேரமெல்லாம் வியட்நாமிய மொழியில் சந்தையையே வாயடைக்கிறவள், அப்போது ஒரு சொல் அதில் வராது. கேட்பதை அவளிடம் தமிழில் சொல்லவும், அவள் சொல்வதை அவர்களிடம் திருப்பிச் சொல்லவும் நான் நடுவில் உட்கார்ந்தேன். ஸாவ் அக்கா கேலி செய்வார்: "உங்க அம்மன் இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் எங்க பாஷை கத்துக்கலையே. என் பொண்ணா இருந்தா காதைத் திருகியிருப்பேன்." வேதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அவளுக்குத் தான் பேசியது எதுவும் நினைவிருக்காது. "நேத்து நான் என்ன அண்ணே சொன்னேன்?" என்று என்னிடம்தான் கேட்பாள். சிலவற்றைச் சொல்வேன், சிலவற்றைச் சொல்லமாட்டேன்.

ஒருநாள் சந்துப் பொறுப்பாளரின் மனைவி வந்தார். அந்த மனிதர்தான் எங்களைப் பற்றி வார்டு அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டியவர். அவர் மகனும் படகில் போயிருந்தான், அது அவர் மறைக்க வேண்டிய விஷயம். அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து, "என் பையன் கரையில இருக்கானா?" என்று கேட்டார். வேதா வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் காலுக்கடியில மண்ணு இல்ல" என்றாள். அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் கூப்பி, நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த வெள்ளியிலிருந்து பொறுப்பாளர் சந்து முனையில் காப்பிக்கடை முக்காலியில் உட்கார்ந்து, ஒரே காப்பியை மாலை முழுவதும் குடித்தார். வார்டிலிருந்து யாராவது வந்தால் அங்கேயே பிடித்து நிறுத்தி, சாக்கடை அடைப்பைப் பற்றி உரக்கப் பேசுவார். உன் நகரத்தில் சக்தி இருக்கிறவன்தான் அதன் பாரத்தைச் சுமக்கிறான். அது முழுக்கச் சரியில்லை. எங்கள் வீட்டில் அவள் மறந்தாள், மற்ற எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு இது பிடித்திருந்தது என்று நினைக்காதே. "வெள்ளிக்கிழமை வந்தாலே எங்கேயாவது ஓடிடலாம்னு இருக்கு அண்ணே. மத்த பொண்ணுங்க மாதிரி சினிமாவுக்குப் போகக் கூடாதா நான்?" என்பாள். சாக்குப்பை தைக்கும் கூட்டுறவில் வேலை செய்தாள். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஒரு பையன் வந்தான். அவனிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்று அம்மாவும் நானும் பேசிப் பேசி முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வரவேண்டிய தேவை ஏற்படவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில் நேரம். நான் வகுப்பில் இருந்தேன். அம்மா அரிசி வரிசையில் நின்றார். வேதாவுக்கு அன்று வேலை இல்லை, வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். அப்போது கிடைத்த எண்ணெயில் என்ன கலந்திருக்கும் என்று விற்றவனுக்கே தெரியாது. அடுப்பு வெடித்தது, தீ இரண்டு வாசலையும் மறித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காமலிருக்க நாங்கள் வழக்கமாகத் தாழ்போட்டு, குறுக்கே கட்டையும் போடுவோம். தனியாக இருக்கும்போது அவள் அதை மறக்கவே மாட்டாள். அவள் அலறினாள்.

சந்து கேட்டது. செவ்வாய்க்கிழமை அம்மன் வந்துவிட்டது என்று நினைத்தது. எதிரே உரல் ஆரம்பித்தது. தகரக்காரர் வாளியை எடுத்தார். ரேடியோ உச்சத்துக்குப் போனது. கதவிடுக்கில் புகை வந்தது, சாம்பிராணி என்று நினைத்தார்கள். அவள் உரக்க அலற அலற, அவர்கள் உரக்கத் தட்டினார்கள். அவளைக் காப்பாற்றத்தான் தட்டினார்கள், தம்பி. வேறு எந்தச் சந்தில் இருந்திருந்தாலும் யாராவது கதவை உடைத்திருப்பார்கள். எங்கள் சந்துதான் அவளை அவ்வளவு நேசித்தது. கடைசியில் தகரக்காரருக்குத்தான் மூக்கில் பட்டது, இது சாம்பிராணி இல்லை என்று. அவர்தான் சம்மட்டியால் கதவைப் பிளந்தார்.

மருத்துவமனையில் அவளுக்கு நினைவு இருந்தது. அது இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். அம்மா வெளியே போயிருந்தபோது என்னிடம் சொன்னாள்: "ஸாவ் அக்காவைத்தான் கூப்பிட்டேன் அண்ணே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவங்க பாஷையிலதான் கூப்பிட்டேன், அக்கா நெருப்பு, அக்கா கதவுன்னு. ஏன் அண்ணே வரல?" அம்மன் வந்தால் அவளுக்கு அந்த மொழி வராது என்பது சந்து முழுக்கத் தெரியும். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அந்தச் சத்தத்தைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போயிருந்தால், அது அம்மன் இல்லை என்று ஸாவ் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மறுநாள் விடியும்போது அவள் போய்விட்டாள்.

சந்தில் நான் சொன்னது வேறு. அம்மன் இறங்கியிருந்தபோது அடுப்பில் விழுந்திருக்கிறாள், அவளுக்கே ஒன்றும் தெரிந்திருக்காது என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். உன் அம்மாவிடமும் அதுதான். உண்மையை நான் சொன்னது உன்னிடம் மட்டும், அதுவும் சுருக்கமாக நாலு வரியில். நீ சென்னைக்குக் கிளம்பும் முன், உன் நகரத்தில் ஏதோ ஒன்று பொய்யாக இருக்கிறதே, அது என்னப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இரகசியத்துக்கு விலை கொடுப்பவர்கள் எதிரிகள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று உனக்குப் புரியவைக்க நினைத்தேன். வாத்தியார் புத்தி, உதாரணம் இல்லாமல் பேச வராது. கையில் இருந்த உதாரணம் இது ஒன்றுதான்.

நீ நல்ல மாணவன். உடனே எழுதிவிட்டாய். திருத்திய பக்கத்தைப் போன வாரம் அனுப்பியிருந்தாய்: பூட்டிய வீடு, தீ, உள்ளேயிருக்கும் பெண் எதிர்வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லி, எதிர்வீட்டுக்காரியின் மொழியிலேயே கத்துகிறாள். எதிர்வீட்டுக்காரி உலக்கையை நிறுத்தவில்லை. உன் நூலிலேயே உண்மையாக இருக்கும் பக்கம் அதுதான். ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.

இரண்டு நாள் முன்பு லான் வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "வாத்தியாரே, பழைய கல்லுரல் எப்படி இருக்கும்? எங்க வீட்டுல இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டாங்க. உங்க பையன் உரல் இடிக்கிற பொம்பளை ஒண்ணு கேட்டிருக்கார்." அவளிடம் நீ பக்கத்தை இன்னும் கொடுக்கவில்லை, படத்துக்கு இரண்டு வரிக் குறிப்பு மட்டும் கொடுத்திருக்கிறாய். அவள் காட்டிய படத்தில் ஸாவ் அக்கா இருந்தார். இளமையாக, உலக்கையை ஓங்கிக்கொண்டு, கண்கள் பிதுங்கும் பயத்தோடு. "பாட்டியோட பழைய போட்டோவை வச்சுத்தான் வரைஞ்சேன். பாட்டியும் பார்த்தாங்க. உங்களை வரச் சொன்னாங்க" என்றாள்.

நேற்றுக் காலை போனேன். எதிர்வீட்டுக்குத்தான், ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். ஸாவ் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. லானை ஐஸ் வாங்கிவர அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். படம் அவர் மடியில் இருந்தது.

"இது அந்தச் செவ்வாய்க்கிழமைதானே?" என்றார்.

"ஆமாங்க்கா."

"தப்பா வரைஞ்சிருக்கா. நான் அன்னிக்குப் பயப்படல. எரிச்சல்ல இருந்தேன். அடுப்புல கஞ்சி. புள்ளைக்கு ஜுரம். இந்த அம்மனுக்குச் செவ்வாய்க்கிழமை என்ன வேலைன்னு திட்டிக்கிட்டே இடிச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உங்க தங்கச்சியை நான் திட்டினேன் வாத்தியாரே. அவ எரிஞ்சுக்கிட்டு இருந்தப்ப திட்டினேன். இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

வெளியே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் படத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் கேட்டார்:

"அவ அன்னிக்கு எந்தப் பாஷையில கத்துனா? நான் இடிச்ச இடில எனக்கு ஒண்ணும் கேக்கல. இத்தனை வருஷமா யோசிச்சுப் பாக்குறேன், கேக்கல. ஆஸ்பத்திரில உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவன், தம்பி. பொய் சொல்லும் பிள்ளையை முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் கேட்டு முடித்த உடனே, தயங்காமல், கொஞ்சம் ஆச்சரியப்பட்டவன்போலச் சொன்னேன்: "தமிழ்லதாங்க்கா. அம்மன்தான் இருந்தா. வேதாவுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆஸ்பத்திரில கண்ணே திறக்கல."

அவர் கவிழ்ந்து கிடந்த படத்தைக் கையால் தடவிவிட்டார். பிறகு, "அப்படின்னா வலிச்சிருக்காது" என்றார்.

"வலிச்சிருக்காதுக்கா."

லான் ஐஸோடு வந்தாள். ஸாவ் அக்கா அவளிடம் படத்தை நீட்டி, "இந்த மூஞ்சியை அழி. என் மூஞ்சி இப்படி இல்ல. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணினா நான் எப்படிப் பாப்பேன்னு உனக்குத் தெரியாது?" என்றார். அவள், "தெரியுமே, தினமும் பாக்குறேனே" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் ஐஸ் போட்ட காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்து வந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

இப்போது நீ கேட்பாய்: மறதித் திரையை எடு, மனிதர்கள் மறப்பதில்லை என்று சொன்னவர் நீங்கள்தானே அப்பா, நீங்களே போய்த் திரை போட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே என்று. ஆமாம். உன் நகரத்தில் அது தானாக விழுகிறது, யாருக்கும் வலிப்பதில்லை. இங்கே ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கையை எடுத்தால் விழுந்துவிடும். உண்மையைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா என்றும் நீ கேட்கலாம். வகுப்பில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், உண்டு என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். வீங்கிய காலோடு கிடக்கும் அந்த அம்மாள் முகத்துக்கு நேரே அந்தப் பதில் எனக்கு வரவில்லை. தவறு என்று நீ நினைத்தால் எழுது, படிக்கிறேன். ஆனால் நான் மாறப்போவதில்லை.

ஆகவே அந்தப் பக்கத்தில் நீ செய்ய வேண்டியது இது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எடுத்துவிடு. மொழியைப் பற்றிய வரியை எடுத்துவிடு. உள்ளே இருப்பவள், சந்தில் யாருக்கும் புரியாத மொழியில் கத்தட்டும். எதிர்வீட்டுக்காரி பயப்படாமல், எரிச்சலோடு இடிக்கட்டும், அவரே சொன்னபடி. அந்தப் பக்கம் முன்பைவிடப் பலவீனமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். உன் நூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்தைத்தான் கெடுக்கச் சொல்கிறேன். படித்துப் பார்க்கிற லானுக்கு, அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிற லானுக்கு, கதை நேற்று நான் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். விளையாடுகிறவர்களில் கூர்மையான ஒருவன், ஒரு சொல் கேட்டிருந்தால் போதுமே, அந்த எதிர்வீட்டுக்காரிக்கு ஏன் கேட்கவில்லை என்று உன்னிடம் கேட்பான். அதற்கு நூலில் விடை இருக்காது. நீ பகடையை அவன் கையில் கொடுத்து உருட்டச் சொல்லிவிடு.

உன் அம்மா உனக்கு உலர்ந்த மாம்பழம் அனுப்பியிருக்கிறாள். அங்கே வெயிலில் அலையாதே. எனக்கு நடை குறைந்துவிட்டது, மறதியும் எட்டிப் பார்க்கிறது. போன மாதம் பாலத்தைத் தாண்டிப் போனவன் எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டேன். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது வேறொரு பயம் வருகிறது: என்றைக்காவது மூளை தளர்ந்து, ஸாவ் அக்கா மறுபடி கேட்கும்போது, அவரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன் என்பதை மறந்து உள்ளதைச் சொல்லிவிடுவேனோ என்று. அப்படி ஒரு நாள் நெருங்குகிறது என்று உன் அம்மா தொலைபேசியில் சொன்னால் உடனே புறப்பட்டு வா. வந்து என்னைச் சந்தின் அந்தப் பக்கம் போகவிடாதே. அவர் கேட்டால் நீ பதில் சொல்லு, கேட்டு முடித்த உடனே, தயங்காமல்.